ஆறு தாள் பாக்கி, மூன்று தேர்வு மிச்சம்: தொலைநிலையில் எம்.ஏ.வைத் தொடரவா, விட்டுவிடவா?

நூல்கண்டு | பிப்ரவரி 8, இரவு 11.40

ஒரு வருடமாக இங்கே எழுதப்படுவதைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வயது 34. வீடு அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. எட்டுத் தாள்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன. முதுகலைக்கு உச்சவரம்பு நான்காண்டு. இந்த ஜூன், டிசம்பர், அடுத்த ஜூன் என்று மூன்று தேர்வுகள்தான் மிச்சம். தாளோ ஆறு பாக்கி.

புத்தகப் பார்சல் வந்த அன்றே எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். ஒரு மாதம் ஒழுங்காகப் படித்தேன். பிறகு ஷிப்மென்ட் நெருக்கடி. வீட்டுக்கு வந்து சேரவே இரவு ஒன்பதரை. வீட்டிலேயே விடை எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்டுக்குத் தேதி போய்விட்டது. அடுத்த பருவத்தில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த அடுத்த பருவம் நான்கு முறை வந்து போய்விட்டது.

கணவருக்கு நிட்டிங்கில் இரவு ஷிப்ட். மகன் மூன்றாம் வகுப்பு. அவன் வீட்டுப்பாடம் எழுதும்போது நானும் புத்தகத்தைத் திறப்பேன். அவன் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். நான் அதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. ஒரு பத்தி ஆங்கிலத்தைத் தாண்டுவதற்குள் கண் சொக்குகிறது.

நேற்று மாமியார் கேட்டார்: "அந்தப் புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமா? பரணை அடைத்துக்கொண்டிருக்கிறது." குத்திக் காட்டவில்லை, உண்மையாகவேதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தொடரவா, விட்டுவிடவா?

சும்மா ஒருவன் | பிப்ரவரி 9, காலை 7.15

விட்டுவிடுங்கள். கோபப்பட வேண்டாம், நல்லதற்குத்தான் சொல்கிறேன். எம்.ஏ. முடித்தால் உங்கள் கம்பெனியில் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவார்களா? குரூப் 2 எழுதுவதாக இருந்தாலும் இளங்கலை போதும். அது உங்களிடம் இருக்கிறது.

மனம் கேட்கவில்லை என்றால் ஊரறிந்த வழி ஒன்று உண்டு. அசைன்மென்ட் விடைகளை எழுதியே விற்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் கேட்டால்கூடக் கிடைக்கும். பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் படியுங்கள். நானும் அப்படித்தான் ஒரு பட்டம் வாங்கினேன். அந்தப் பாடத்தில் எனக்கு இன்று ஒரு வரி தெரியாது என்பது வேறு விஷயம்.

கட்டம்போட்ட நோட்டு | பிப்ரவரி 9, மாலை 6.05

கடைசி வரியில் தன் கட்சியைத் தானே தோற்கடித்த நண்பருக்கு நன்றி.

நூல்கண்டு, நான் இக்னோவில்தான் எம்.ஏ. முடித்தேன். திண்டுக்கல்லில் தனியார் பள்ளி ஆசிரியை. முதலில் ஒன்று சொல்லுங்கள். பாக்கி என்று நீங்கள் எண்ணும் ஆறில், தேர்வை எழுதித் தேறிவிட்டு அசைன்மென்ட் மட்டும் தராமல் விட்டது ஏதாவது உண்டா? கிரேடு கார்டைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். "முடிக்கவில்லை" என்று போட்டிருந்தால் பலர் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பதே இல்லை.

நூல்கண்டு | பிப்ரவரி 9, இரவு 10.50

பார்த்தேன். இரண்டு இருக்கின்றன! ஒன்றில் தேர்வு மதிப்பெண் 52, இன்னொன்றில் 47. அவை வீணாகிவிட்டன என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கட்டம்போட்ட நோட்டு | பிப்ரவரி 9, இரவு 11.30

வீணாகவில்லை. அங்கே அசைன்மென்டும் தேர்வும் தனித்தனிக் கணக்கு. மொத்தத்தில் அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. முதுகலையில் இரண்டிலும் தனித்தனியே 40 எடுக்க வேண்டும். ஒன்றில் தேறிவிட்டால் உங்கள் காலவரம்பு முடியும் வரை அது உங்களுடையது. ஆகவே உங்களுக்கு எழுத வேண்டிய தேர்வு ஆறு இல்லை, நான்கு. எழுத வேண்டிய அசைன்மென்ட்தான் ஆறு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். தேர்வு முடிந்துவிட்ட இரண்டு தாள்களின் அசைன்மென்ட்களை இப்போதே எழுதி, மேசையைச் சுத்தம் செய்துவிடுவேன். கூடவே ஒரே ஒரு புதிய தாள், அதன் தேர்வு ஜூனில். டிசம்பரில் இரண்டு, அடுத்த ஜூனில் ஒன்று. ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் கடைசி நாள் வழக்கமாக மார்ச் 31. சில பருவங்களில் நீட்டிப்பார்கள். நீட்டிப்பை நம்பி உட்காராதீர்கள், அதை நம்பித்தான் நானும் ஒரு பருவத்தைத் தொலைத்தேன்.

மூன்று அசைன்மென்ட், ஒவ்வொன்றிலும் ஐந்து விடை, மொத்தம் பதினைந்து. கையில் ஏழு வாரம். வாரத்துக்கு இரண்டு விடை, ஏதாவது ஒரு வாரம் மூன்று. அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. வினாத்தாளை இந்தப் பருவத்துக்கு உரியதாகப் பார்த்து இறக்குங்கள். கேள்விகள் மாறிக்கொண்டிருக்கும்; பழையதற்கு எழுதிய விடையை வாங்க மாட்டார்கள். அசைன்மென்ட் கொடுத்துவிட்டால் தேர்வுக்குத் தானாகப் பெயர் சேர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தேர்வு விண்ணப்பம் தனி, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணமும் தனி. அதைப் போடாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

பழைய கண்டக்டர் | பிப்ரவரி 10, காலை 5.20

நூல்கண்டு அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பிறகும் காலை நான்கரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, டியூட்டிப் பழக்கம்.

நான் 1982இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்தேன். படிப்பு பியூசியோடு, அதாவது கல்லூரிப் புகுமுக வகுப்போடு, நின்றிருந்தது. அப்போது இதற்கெல்லாம் அஞ்சல்வழிக் கல்வி என்றுதான் பெயர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் அது 1971லேயே வந்துவிட்டது. அண்ணாமலையில் 1979, சென்னையில் 1981. நான் மதுரைக்காரன், அங்கேயே பி.ஏ. வரலாறு போட்டேன். பாடக்கட்டு தபாலில் வரும். வீட்டு விலாசம் கொடுத்தால் குழந்தைகள் கப்பல் செய்துவிடும் என்று டிப்போ விலாசத்தைக் கொடுத்திருந்தேன். கட்டு வந்தால் டைம் கீப்பர் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்: "புரொபசருக்குத் தபால்!" டிப்போவே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

என் முறை இதுதான். ஒரு நடைக்கு ஒரு கேள்வி. கடைசி நிறுத்தத்தில் வண்டி பதினைந்து நிமிடம் நிற்கும். டீ குடித்த நேரம் போக மிச்சத்தில் ஒன்றரைப் பக்கம் படிப்பேன். திரும்பி வரும்போது டிக்கெட் கிழித்துக்கொண்டே அதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். காலை நடையில் முடியாது, கூட்டம் பிதுங்கும். மதியம் இரண்டு மணி நடைதான் என் கல்லூரி. ஒருமுறை இரண்டாம் பானிப்பட்டுப் போரில் மூழ்கி, திருமங்கலத்தில் இறங்க வேண்டியவருக்கு விசில் அடிக்காமல் விட்டுவிட்டேன். அவர் என்னைத் திட்டிய திட்டில் 1556 என்ற ஆண்டு இன்றுவரை மறக்கவில்லை.

முதலாண்டு ஆங்கிலத்தில் மூன்று முறை கவிழ்ந்தேன். நான்காம் முறை தேறினேன்.

உங்கள் மாமியாரிடம் வருத்தப்படாதீர்கள். பரணில் இருக்கும் சாமானைப் பற்றி யார் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார்கள். இன்றைக்கே மூன்று புத்தகத்தைக் கீழே இறக்குங்கள். மூன்றே மூன்று. அடுப்படியில் டப்பா வைக்கும் இடத்தில் வையுங்கள், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

நெறியாளர் | பிப்ரவரி 10, மதியம் 1.00

"தேர்வே இல்லாமல் பட்டம்" என்று தொலைபேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி வந்தால் கணக்கையே நீக்குவேன். உறுப்பினர்கள் தயவுசெய்து அந்த எண்களுக்கு அழைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒருவர் அழைத்துவிட்டு என்னிடம் வந்து புலம்புகிறார்.

மூன்றாவது ஷிப்ட் | பிப்ரவரி 11, அதிகாலை 3.10

செவிலியர். இப்போதும் டியூட்டியில்தான் இருக்கிறேன், வார்டு அமைதியாக இருக்கிறது. எம்.ஏ. சமூகவியல் போன வருடம் முடித்தேன்.

எல்லோரும் தேதியைப் பற்றிச் சொல்கிறீர்கள். அக்காவின் தூக்கத்துக்குக் காரணம் தேதி அல்ல, மொழி. எனக்கும் அதே கதை. அதிகாரவர்க்கம் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னதை ஆங்கிலத்தில் மூன்று இரவு படித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. வாக்கியம் மட்டும் புரியவில்லை. பிறகு தமிழிலிருந்து தொடங்கினேன். நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்களைத் தமிழ் வழியில் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் தேடுங்கள். எழுபதுகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கென்று தமிழில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் போட்டது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். நடை கொஞ்சம் பழையது, கலைச்சொல் சில இடங்களில் பல்லை உடைக்கும். ஆனால் கருத்து உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு இக்னோவின் ஆங்கிலப் பாடத்தைத் திறந்தால் ஏற்கெனவே தெரிந்த ஊருக்குள் நடப்பது போல இருக்கும்.

விடை எழுதும்போது, கேள்விக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று முதலில் தமிழில் ஐந்து வரி எழுதிக்கொள்வேன். பிறகுதான் ஆங்கிலம். அந்த ஐந்து வரி இல்லாமல் தொடங்கினால் புத்தகத்தின் பத்தியை அப்படியே பெயர்த்து வைக்கத்தான் கை போகும்.

புத்தகம் கையில் இல்லாத நேரத்துக்கு இக்னோ பாடங்கள் எல்லாம் இ-ஞானகோஷ் தளத்தில் இருக்கின்றன. நான் அவற்றைப் படித்து, தமிழில் என் குரலிலேயே பதிவு செய்து, பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போவேன். முதல் நாள் என் குரலை எனக்கே சகிக்கவில்லை.

சும்மா ஒருவன் | பிப்ரவரி 11, காலை 9.40

எல்லாம் சரி, யாரும் என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இந்தப் பட்டத்துக்கு மதிப்பு என்ன? என் சித்தப்பா மகனுக்கு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் "திறந்தநிலையில் வாங்கியது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இரண்டு வருடப் பணம் போயிற்று.

கட்டம்போட்ட நோட்டு | பிப்ரவரி 11, மாலை 7.20

சித்தப்பா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாரா? இளங்கலை முடித்துவிட்டு முதுகலைக்குப் போனாரா?

சும்மா ஒருவன் | பிப்ரவரி 11, இரவு 8.00

இளங்கலை இல்லாமல் நேரடியாக எம்.ஏ.

கட்டம்போட்ட நோட்டு | பிப்ரவரி 11, இரவு 8.25

அதுதான் காரணம். தபாலில் படித்ததால் திருப்பி அனுப்பவில்லை, படிக்கட்டைத் தாண்டிக் குதித்ததால் அனுப்பினார்கள். இளங்கலை இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய முதுகலை செல்லாது என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

பத்து, பன்னிரண்டு, இளங்கலை என்று வரிசையாக ஏறியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணைய வழியிலோ பெற்ற பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள்; நிறுவனத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, பாடத்துக்கும் ஆண்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் தருவதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நெறியாளர் நீக்கிய எண்கள் எல்லாம் இந்த விவரம் தெரியாதவர்களைத் தேடித்தான் வருகின்றன.

நூல்கண்டு | பிப்ரவரி 17, இரவு 10.15

ஐயா சொன்னபடி மூன்று புத்தகத்தை இறக்கி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் எண்ணெய் படாமல் இருக்க மேலே ஒரு பழைய துண்டு போட்டு மூடியிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் விடைக்கு ஐந்து நாள் ஆயிற்று. காலை 4.45க்கு எழுவதாகத் திட்டம். இரண்டாம் நாளே ஆற்றுத் தண்ணீர் விட்டார்கள். குடம் குடமாகப் பிடித்து முடிக்கவே ஆறு மணி. நான்காம் நாள் பையனுக்குக் காய்ச்சல்.

ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. என் தாள்கள் எட்டுக் கிரெடிட், அதாவது தாளுக்கு 240 மணி நேரம். கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? ஜூன் வரையுள்ள வாரங்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் படிக்கவே இல்லை.

கட்டம்போட்ட நோட்டு | பிப்ரவரி 17, இரவு 11.00

அந்த 240 என்பது பாடம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, ஞாயிறு வகுப்புக்குப் போவது எல்லாம் சேர்ந்த அளவுகோல். அதை வகுத்துப் பார்த்த யாரும் அன்றைக்குப் படித்ததில்லை. நானும்தான். மணியை எண்ணாதீர்கள், விடையை எண்ணுங்கள். பதினைந்தில் ஒன்று முடிந்தது.

எல்லா அலகையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தலைகீழாகச் செய்யுங்கள். கேள்வியை முதலில் படியுங்கள். அந்தக் கேள்வி எந்த அலகில் இருக்கிறதோ அதை மட்டும் படித்து எழுதுங்கள். ஐந்து கேள்வி எழுதி முடிக்கும்போது புத்தகத்தின் முக்கால்வாசிக்குள் போய் வந்திருப்பீர்கள். நமக்கு மணி அடிக்க ஆள் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, கேள்வி கேட்கும் வாத்தியார் இல்லை. அந்த அசைன்மென்ட் தாள்தான் கேள்வி கேட்கும் வாத்தியார். அதைக் கடையில் வாங்குவது, வகுப்புக்கு ஆள் அனுப்புவது போல.

இன்னொன்றும் உண்டு. கையால்தான் எழுத வேண்டும் என்று இக்னோ ஏன் சொல்கிறது என்று நானும் முதலில் முணுமுணுத்தேன். பழைய வினாத்தாளை இறக்கிப் பாருங்கள்: மூன்று மணி நேரத்தில் ஐந்து விடை, ஒவ்வொன்றும் சுமார் 500 சொல். விடைக்கு 36 நிமிடம். நாம் கடைசியாகக் கையால் 500 சொல் எழுதியது எப்போது? படித்தது எல்லாம் தலையில் இருக்க, விரல் மரத்துப்போய் நான்காவது விடையில் பேனாவை வைத்துவிட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

சும்மா ஒருவன் | பிப்ரவரி 18, காலை 8.10

சரி, என் பங்குக்கு ஒன்று. பட்டம் வாங்கியதில் நான் கற்ற ஒரே பாடம்: ரசீது. கொடுத்த அசைன்மென்ட் வரவே இல்லை என்று ஒரு முறை என்னிடம் சாதித்தார்கள். எந்த மையம் என்பது வேண்டாம். கையில் ரசீதும் இல்லை, நகலும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய விடையை மறுபடி காசு கொடுத்து வாங்கினேன்! நீங்கள் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். முத்திரை போட்ட ரசீது இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். சில மண்டல மையங்கள் இணையத்திலும் வாங்குகின்றன. அப்படியானால் திரையைப் படம் எடுங்கள்.

நூல்கண்டு | மார்ச் 9, இரவு 11.05

ஒன்பது விடை முடிந்தது. ஷிப்மென்ட் வாரத்தில் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். அந்த வாரம் பூஜ்யம்.

அதிகாரப் பரவலாக்கம் பற்றிய தாளில் கிராம சபை குறித்து ஒரு கேள்வி. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பதினொன்றாம் அட்டவணையின் 29 துறைகள் எல்லாம் எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: எங்கள் ஊரில் கிராம சபைக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. மே 1 எனக்கு விடுமுறை. போகலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய கண்டக்டர் | மார்ச் 10, காலை 5.05

அவசியம் போங்கள். பந்தலில் நாற்காலி கிடைக்க வேண்டுமானால் பத்து நிமிடம் முன்னால் போங்கள்.

நூல்கண்டு | மார்ச் 31, இரவு 9.50

கொடுத்துவிட்டேன்! இரண்டு அசைன்மென்ட் முழுதாக. மூன்றாவதில் நான்கு விடைதான். ஐந்தாவதற்கு நேற்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தும் அரைப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அந்த அரைப் பக்கத்தையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ரசீது மூன்று, படம் எழுபத்திரண்டு.

இன்று மாலைதான் அறிவிப்புப் பார்த்தேன். தேதியை நீட்டித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கட்டம்போட்ட நோட்டு | மார்ச் 31, இரவு 10.10

சிரியுங்கள். நீட்டித்த நாள்களைத் தேர்வுக்குப் படிக்க எடுத்துக்கொள்ளுங்கள். முழு மதிப்பெண் தேவையில்லை, 40 போதும். நாலரை விடையில் அது கிடைக்கும். விண்ணப்பம் போட்டாயிற்றா?

நூல்கண்டு | மார்ச் 31, இரவு 10.14

இதோ.

நூல்கண்டு | மே 2, இரவு 10.30

கிராம சபைக்குப் போனேன். பெண்கள் பதினாறு பேர். வரவு செலவை வேகமாக வாசித்தார்கள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று வாசித்த தொகை, பலகையில் ஒட்டியிருந்த தாளில் வேறாக இருந்தது. என் பிழைப்பே இரண்டு தாளை ஒப்பிடுவதுதான், கண்ணில் பட்டுவிட்டது. கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் பயம் வந்தது. எழுத்தர் சரிபார்த்துவிட்டு, தட்டச்சில் ஓர் எண் இடம் மாறிவிட்டது என்று சொல்லித் திருத்தினார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பேர் என்னிடம் நூறு நாள் வேலை அட்டையைப் பற்றிக் கேட்டார்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. தெரியாது என்றேன். இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

சும்மா ஒருவன் | மே 3, காலை 7.30

ஜூனில் தேர்வு இருக்கிறது என்பது நினைவிருக்கிறதா? பாடத்திட்டத்தில் இருப்பதைப் படியுங்கள் அம்மா. பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். நானே உட்கார்ந்து தயாரித்தது. யாரிடமும் வாங்கவில்லை.

மூன்றாவது ஷிப்ட் | மே 3, மாலை 4.45

அண்ணா, எனக்கும் அனுப்புங்கள். அடுத்த எம்.ஏ.வுக்குச் சேர்ந்துவிட்டேன். யாரும் திட்ட வேண்டாம்.

நூல்கண்டு | ஜூன் 14, இரவு 8.20

எழுதியாயிற்று. நாலேமுக்கால் விடை. கடைசிக் கால் விடைக்கு மணி அடித்துவிட்டார்கள். கட்டைவிரலில் பேனா பதிந்த பள்ளம் இன்னும் போகவில்லை. ஒரு கேள்வி தமிழில் நன்றாகத் தெரிந்தும் ஆங்கிலச் சொல் வராமல் ஐந்து நிமிடம் போயிற்று. பக்கத்து மேசையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் எழுதினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தாள் கொடுத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், மூன்று மணி நேரம் தலையே தூக்கவில்லை.

பழைய கண்டக்டர் | ஜூன் 15, காலை 4.50

தேர்வுக்கு எந்த பஸ்ஸில் போனீர்கள்? இடம் கிடைத்ததா?

நூல்கண்டு | ஜூன் 15, இரவு 10.00

டவுன் பஸ்தான் ஐயா, மகளிருக்குக் கட்டணம் இல்லையே. உட்கார இடம் கிடைத்தது. நடத்துநர் ஓர் இளைஞர். மடியில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்ன தேர்வு என்று கேட்டார், சொன்னேன். தானும் பி.ஏ. சேர்ந்துவிட்டு முதல் வருடத்தோடு நிறுத்தியதாகச் சொன்னார். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. மதியம் இரண்டு மணி நடையைப் பற்றி அவரிடம் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

நூல்கண்டு | ஆகஸ்ட் 11, இரவு 9.35

கிரேடு கார்டில் ஏறிவிட்டது. பழைய இரண்டு தாள்களும் முடிந்தன. புதிய தாளில் தேர்வுக்கு 49; அந்த நாலரை விடை அசைன்மென்டுக்கு 58. எட்டில் ஐந்து ஆயிற்று.

டிசம்பருக்கான இரண்டு தாள்களின் புத்தகத்தை எடுக்கப் பரணில் ஏறினேன். மாமியார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிவிடு, சும்மா சும்மா ஏறிக்கொண்டிருக்க முடியாது" என்றார். மிளகாய்த்தூள் டப்பா இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது.

டிசம்பர் தேர்வுக்கான அசைன்மென்ட் வினாக்கள் தளத்தில் ஏறிவிட்டனவா? யாராவது பார்த்தீர்களா?

கட்டம்போட்ட நோட்டு | ஆகஸ்ட் 11, இரவு 9.52

ஏறிவிட்டன. இரண்டு தாள், பத்து விடை. செப்டம்பர் 30.